பன்றிக் கொழுப்பைத் தேடுகிறோம், பாதரசத்தைத் தேடுகிறோமா?





மதரஸாவில் பாடம் நடத்துவோரிடம் வீடுகளிலிருந்து வரும் மஸ்அலாக்களில் அழகுப் பொருள்கள் பற்றியவை அண்மைக் காலமாகப் பெருகியுள்ளன. "ஹஜ்ரத், இந்தக் கிரீமில் கிளிசரின் என்று போட்டிருக்கிறது. அது பன்றிக் கொழுப்பா? இதைப் பூசிக்கொண்டு தொழுதால் தொழுகை கூடுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைப் பாராட்ட வேண்டும். உடலில் படும் பொருள் தூய்மையானதா என்று விசாரிப்பது ஈமானின் அடையாளம். அந்த அக்கறை நம் பெண்மக்களிடம் உயிரோடு இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் இந்தக் கேள்வி எப்போதும் ஒரே வகைக் கிரீமைப் பற்றித்தான் வருகிறது. பெட்டியின் பின்புறம் சேர்மானங்கள் அச்சிடப்பட்டிருக்கும் கிரீமைப் பற்றியே கேட்கிறார்கள். அதே அலமாரியில் இன்னொரு டப்பாவும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்தவர் பெட்டியில் கொண்டுவந்தது. அல்லது வாட்ஸ்அப் வழியே வாங்கியது. அதன் மேல் அரபு அல்லது உருது எழுத்துகள் உள்ளன; உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பட்டியல் உள்ளதைச் சந்தேகிக்கிறோம். பட்டியலே இல்லாததை நம்புகிறோம். இது தலைகீழான பேணுதல் என்பதே என் கருத்து. இரண்டு டப்பாக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதல் டப்பா: பட்டியல் உள்ளது

நம் நாட்டில் உரிமம் பெற்று விற்கப்படும் சாதாரண முகப்பூச்சை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் பெரும்பாலும் தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், பால்மிட்டிக் அமிலம், கிளிசரின், நியாசினமைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு, வாசனைப் பொருள் போன்றவை இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ளவற்றை, அதிகமாக உள்ளது முதலில் வருமாறு வரிசைப்படுத்த வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எனவே பட்டியலைப் படித்தாலே எது அதிகம், எது குறைவு என்பது தெரிந்துவிடும்.

இவற்றுள் நியாசினமைடு என்பது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். தோலின் நிறமி மேலடுக்கு உயிரணுக்களுக்குச் செல்வதை அது ஓரளவு குறைக்கிறது. டைட்டானியம் டைஆக்ஸைடு ஒரு வெண்ணிறக் கனிமப் பொடி, வெயிலைத் தடுக்கும். இவ்விரண்டிலும் விலங்கின் பங்கு இல்லை.

சந்தேகத்துக்கு இடமானவை கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும். இவை பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்தும் கிடைக்கின்றன. விலங்குக் கொழுப்பிலிருந்தும் கிடைக்கின்றன. பெயரை மட்டும் பார்த்து மூலத்தைச் சொல்ல முடியாது. உதட்டுச் சாயத்தில் சி.ஐ. 75470 என்ற எண் இருந்தால் அது கார்மைன்; ஒரு பூச்சியிலிருந்து எடுக்கப்படும் செந்நிறம்.

ஆகவே கேள்வி நியாயமானதே. அசுத்தமான ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அது தூய்மையாகிவிடும் என்று ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் விரிவாக ஏற்கிறார்கள். நம் கடற்கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபோ, மது தானாகவே காடியாக மாறுவது, தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றில் மட்டுமே அதை ஏற்கிறது. எனவே ஷாஃபிஈகள் கூடுதல் பேணுதலுடன் விசாரிப்பதில் தவறில்லை. பச்சைப் புள்ளி அல்லது நம்பகமான ஹலால் சான்று உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலை தீர்ந்துவிடும்.

இந்த முதல் டப்பாவைப் புகழ்வது என் நோக்கமன்று. 1975 முதல் "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற பெயரில் நம் வீடுகளுக்குள் வந்த கிரீம், 2020இல் "க்ளோ அண்ட் லவ்லி" என்று பெயர் மாறியதை அறிவீர்கள். மாநிறத்தைக் குறையாகக் காட்டி விற்றுவந்தது அந்த விளம்பர உலகம்தான். ஆயினும் பட்டியல் கையில் இருப்பதால் அத்தகைய பொருளை விசாரிக்கலாம், மருத்துவரிடம் காட்டலாம், ஆலிமிடம் கேட்கலாம், வேண்டாம் என்றால் ஒதுக்கலாம்.

இரண்டாம் டப்பா: பட்டியல் இல்லை

இப்போது மற்றதைப் பார்ப்போம். "ஏழே நாளில் நிறம் மாறும்" என்பதே இதன் பெருமை. உண்மையில் மாறவும் செய்கிறது. ஏன் மாறுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இத்தகைய கிரீம்கள் பலவற்றில் பாதரசத்தின் உப்புகள் இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளன. தோலில் நிறமி உருவாக ஒரு நொதி தேவை. அந்த நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும். பாதரசம் அந்தச் செம்பின் இடத்தில் புகுந்து நொதியை முடக்கிவிடுகிறது. நிறமி உருவாவது நிற்கிறது, முகம் வெளுக்கிறது. நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். எனவே நிறுத்த மனம் வருவதில்லை. டப்பா மேல் டப்பாவாகத் தொடர்கிறது.

பாதரசம் தோலின் மேல் நின்றுவிடுவதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. சிறுநீரகப் பாதிப்பு, தோல் தடிப்பு, தழும்பு, மனப்பதற்றம், மனச்சோர்வு, கை கால் நரம்புகளின் தளர்ச்சி ஆகியவற்றை இதன் விளைவுகளாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, அழகுப் பொருளில் பாதரசச் சேர்மத்தைச் சேர்க்கவே கூடாது. முகப்பூச்சில் அறியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தடையை மீறி வரும் கிரீம்களிலோ இது ஆயிரக்கணக்கான பங்குகளாகவும், சிலவற்றில் பத்தாயிரத்துக்கு மேலும் காணப்பட்டுள்ளது. கணக்கிட்டுப் பாருங்கள்: 20 கிராம் டப்பாவில் சட்டம் பொறுக்கும் அளவு 0.02 மில்லிகிராம். பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு என்றால் 200 மில்லிகிராம். சுண்டுவிரலால் எடுத்துக் கன்னத்தில் தடவும் கிரீமில் இவ்வளவு நஞ்சு.

"இது முஸ்லிம் நாட்டில் செய்தது, தவறாக இருக்காது" என்று சிலர் நினைக்கிறார்கள். 2019இல் பாகிஸ்தானின் பருவநிலை மாற்ற அமைச்சகம் தன் நாட்டில் விற்கப்பட்ட 59 வெண்மைக் கிரீம்களைச் சோதித்தது. அவற்றுள் 56இல் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது. டப்பாவின் மேலுள்ள உருது எழுத்து, உள்ளே இருப்பதற்குச் சாட்சி சொல்லாது.

மலப்புரம் நமக்குச் சொல்லும் செய்தி

இதன் விளைவைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்மைப் போன்றே முஸ்லிம்கள் நிறைந்து வாழும், நம்மைப் போன்றே வளைகுடாப் பயணங்களால் வீடு கட்டிய மாவட்டம் கேரளத்தின் மலப்புரம். அங்கே கோட்டக்கலில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அனைவருக்கும் இருந்தது மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோய். சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு கெட்டு, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீரில் வெளியேறிவிடும் நோய் இது.

அந்த 22 பேரில் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகவே காணப்படும் "நெல்-1" என்ற வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் நோய் தோன்றுவதற்கு முன் நிறம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள். ஒருவருக்கு மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலமடைந்தனர். இந்த ஆய்வு சிறுநீரக மருத்துவத்தின் முதன்மையான பன்னாட்டு இதழ்களுள் ஒன்றில் வெளியானது. 2023இல் கேரள அரசு "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் அழகுப் பொருள் கடைகளில் சோதனையும் தொடங்கியது.

"எத்தனையோ பேர் பூசுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?" என்போருக்கு ஒரு சொல். சிறுநீரகம் சத்தமிடாத உறுப்பு. சிறுநீரில் நுரை, காலையில் கண்ணிமை வீக்கம், மாலையில் கால் வீக்கம் என்று தொடங்கும்போது அதை எவரும் முகத்தில் பூசிய கிரீமோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உப்பைக் குறைக்கிறார்கள், கிரீமைக் குறைப்பதில்லை.

பூசுபவரோடும் இது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகக் கூடியது. தாயின் கன்னத்தில் முகம் புதைக்கும் குழந்தைக்கும், ஒரே துண்டையும் தலையணையையும் பயன்படுத்தும் வீட்டாருக்கும் அது சென்று சேரும். கழுவிய நீரோடு வெளியேறும் பாதரசம் நீர்நிலைகளில் இன்னும் கொடிய வடிவமாக மாறி மீனில் சேர்கிறது. ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே மீனவக் குடும்பங்களை முடமாக்கியது 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் 2018இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பது என்று 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. மன்னார் வளைகுடாவின் மீனை உண்டு வாழும் நமக்கு அந்த வரலாறு அந்நியமானதன்று.

தூய்மை என்ற கேள்வி மட்டும் போதுமா?

ஒரு நுட்பத்தை இங்கே கவனியுங்கள். "இதில் நஜீஸ் இருக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் டப்பாவைச் சோதித்தால் அது எளிதாகத் தேறிவிடும். பாதரசம் மண்ணிலிருந்து கிடைக்கும் கனிமம், நஜீஸ் அன்று. அது பட்ட ஆடையில் தொழலாம். பன்றிக் கொழுப்பைத் தேடும் கண்ணுக்கு இந்த நஞ்சு தென்படவே தென்படாது.

அதனால்தான் நம் ஃபிக்ஹு நூல்கள் தூய்மையை ஓர் அளவுகோலாகவும் தீங்கை மற்றோர் அளவுகோலாகவும் வைத்தன. நஞ்சு தூய்மையானதாக இருக்கலாம். ஆயினும் உடலைக் கெடுப்பதால் அது ஹராம் என்று ஷாஃபிஈ இமாம்கள் தெளிவாக்கியுள்ளனர். தனக்கும் தீங்கிழைக்கலாகாது, பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த பொது விதி. அல்லாஹ் நமக்கு உண்ணச் சொன்னதும் ஹலாலானதை மட்டுமன்று. ஹலாலாகவும் தய்யிபாகவும் இருப்பதையே. "தய்யிப்" என்ற அந்த இரண்டாம் சொல்லை நாம் மறந்துவிட்டோம். உணவுக்கு வகுத்த அந்த ஒழுங்கு, தோல் வழியே இரத்தத்தில் சேரும் பொருளுக்கும் பொருந்தும்.

விற்பவர்களின் பொறுப்பு

நம் பெரியபட்டினம் பழைய துறைமுகம். இங்கு கிடைத்த சீன மட்பாண்டத் துண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கடல் வணிகத்துக்குச் சான்று. கடல்வழி வந்த முஸ்லிம் வணிகரின் வாக்கை நம்பி மக்கள் பொருள் வாங்கிய கரை இது. இன்று வணிகம் கப்பலிலிருந்து பயணப் பெட்டிக்கும் கைப்பேசிக்கும் மாறியிருக்கிறது, அமானிதம் மாறவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். நனைந்த கோதுமையை மறைத்ததற்கே இந்த எச்சரிக்கை என்றால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருளை மறைப்பதற்கு எத்தகைய எச்சரிக்கை இருக்கும்?

"எனக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நான் கமிஷனுக்கு விற்கிறேன்" என்பது பதிலாகாது. தெரியாததை விற்பதே பிழை. பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்வது விற்பவர் மீது கடமை. விற்பனையில் பங்கில்லாத மூன்றாமவருக்கு அக்குறை தெரிந்தால் அவர் மீதும் அது கடமை என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹின் நிலைப்பாடு. இதைப் படித்த ஒவ்வொருவரும் இப்போது அந்த மூன்றாமவரே.

வீட்டிலிருந்தபடி சிறு வணிகம் செய்யும் சகோதரிகளைக் குறைகூறுவது என் எண்ணமன்று. ஹலாலாகச் சம்பாதிக்க முயல்பவர்கள் அவர்கள். பட்டியலும் உரிம எண்ணும் உள்ள பொருளை மட்டும் விற்பேன் என்று அவர்கள் உறுதி எடுத்தால் ரிஸ்கில் பரக்கத் குறையாது, கூடும்.

நிறத்தைக் கேட்பவர் யார்?

ஒரு பெண் பட்டியலில்லாத டப்பாவைக் கையில் எடுப்பது ஆசையால் மட்டுமன்று. நிக்காஹ் பேச்சு வரும்போது "பெண் நல்ல நிறமா?" என்று முதலில் கேட்பவர் யார்? நம் வீட்டுத் தாய்மார்களும், அவர்களைத் தடுக்காத ஆண்களும்தாம். பெண் பார்க்க வருபவர் நிறத்தைக் கேட்கும் வரை அந்த டப்பா ஊருக்குள் வந்துகொண்டே இருக்கும்.

உஸாமா (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். தந்தை ஸைத் (ரலி) வெண்ணிறத்தவர். மகன் உஸாமாவோ தாய் உம்மு அய்மன் (ரலி) அவர்களைப் போலக் கருநிறத்தவர். நிற வேறுபாட்டைக் காட்டிச் சிலர் அவதூறு பேசினர். கால்களைப் பார்த்தே உறவைச் சொல்லும் வல்லுநர் ஒருவர், போர்வைக்கு வெளியே தெரிந்த இருவரின் பாதங்களையும் கண்டு, இவை ஒன்றுக்கொன்று உறவுடையவை என்றபோது, நபி (ஸல்) அவர்கள் முகம் மலர்ந்து ஆயிஷா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னார்கள். அந்தக் கருநிற இளைஞரின் கையில்தான், இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே, மூத்த தோழர்கள் பலர் இருந்த படையின் தலைமையையும் ஒப்படைத்தார்கள். அவருடைய நிறத்தை மாற்ற எவரும் முயலவில்லை. பேசியவர்களின் நாவுதான் அடங்க வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டில் உள்ள கிரீம்களை எடுத்துப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாததை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, பட்டியலில் மெர்குரி, மெர்குரிக், மெர்குரஸ் குளோரைடு, கலோமெல், அம்மோனியேட்டட் மெர்குரி என எது இருந்தாலும் அது பாதரசமே. சித்த மருத்துவத்தில் பூரம் எனப்படுவதும் இவ்வகை உப்புதான். பெயர் இல்லை என்பதாலேயே பாதரசம் இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். சில நாளில் வெளுக்கச் செய்வதே எச்சரிக்கை. பாதரசத்துக்குப் பதிலாக வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீம்களும் உண்டு. மருத்துவர் சீட்டின்றி அவற்றை முகத்தில் பூசக் கூடாது.

மூன்றாவது, அத்தகைய கிரீமைப் பூசி வந்தவர்கள் அச்சப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் டப்பாவைக் காட்டி, சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பரிசோதித்துக் கொள்ளுங்கள். எளிய பரிசோதனைதான். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தாமதிக்கலாகாது.

நான்காவது, மீதமுள்ள கிரீமைக் கடலிலோ கண்மாயிலோ வீசாதீர்கள், நெருப்பிலும் இடாதீர்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, விற்பனை பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

ஐந்தாவது, ஜும்ஆ பயானிலும் பெண்கள் மதரஸாவிலும் இதைப் பேச வேண்டும். வுழூவின் ஃபர்ளுகளைக் கற்பிக்கும்போதே, அந்த முகத்தில் பூசுவதைத் தேர்ந்தெடுக்கும் ஒழுங்கையும் கற்பிக்கலாம்.

இனி ஒரு கிரீமைப் பற்றி ஆலிமிடம் கேட்கும்போது மூன்று கேள்விகளாகக் கேளுங்கள்: இது தூய்மையானதா? இது தீங்கற்றதா? இதில் உள்ளதை இதைச் செய்தவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா? முதல் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வோம். இரண்டாவதை மருத்துவரிடம் கேட்கச் சொல்வோம். மூன்றாவதற்கு எவரிடமும் போக வேண்டியதில்லை. பெட்டியைத் திருப்பினால் போதும்.

நமக்கு அவன் அமானிதமாகத் தந்த உடலைப் பேணவும், அவன் தேர்ந்து தந்த நிறத்தைப் பொருந்திக்கொள்ளவும், நம் வணிகத்தில் வாய்மையைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.